சாட்சிக் கையெழுத்து

பள்ளி வாரியத் தேர்தலுக்கு நான்கே நாள் பாக்கி. கார்லீன் ஷ்ராமுக்குக் குதிகால் இரண்டிலும் கொப்புளம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அறுநூற்றுப் பதினொரு வீட்டுக் கதவைத் தட்டியாகிவிட்டது. இனி மேட்டுச் சாலைப் பக்கம்தான் கொஞ்சம் மிச்சம்.

போன வாரம் பள்ளி நூலகத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வாரியத் தலைவராக இருக்கும் ரோலண்ட் ஷ்ராம், கார்லீனின் கணவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன், அவள் எதிர்த்து நிற்கும் ஆள், மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினார். "என் தம்பி சம்சாரம் மனசு உடைஞ்சு போய் நிக்கறாங்க. அவங்க மேல யாரும் கோவப்படாதீங்க." கூட்டம் கைதட்டியது. கார்லீனும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். அந்தச் சிரிப்பை வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இறக்கி வைத்தாள்.

கோபத்துக்குக் காரணம் புதுசு இல்லை. அவள் கணவன் கிளென், கார்ஸ்டன் ஊர்ப் பள்ளியில் இருபத்து நான்கு வருடம் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவன். மர அறுவை இயந்திரத்தின் தடுப்பு உடைந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினான். மாற்றவில்லை. ஒரு மாணவனுக்கு இரண்டு விரல் நுனி போயிற்று. ஊர் முழுக்கக் கூடியிருந்த கூட்டத்தில் ரோலண்ட் எழுந்து, "அப்படி எந்தக் கடிதமும் எங்களுக்கு வரல" என்றார். சொந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். பட்டறைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்த கிளென், இரண்டு வருடமாகத் தன் வீட்டுக் கொட்டகையைத் தாண்டி எங்கும் போனதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லது செய்யத்தான் போட்டியிடுவதாகக் கார்லீன் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் விடியற்காலையில் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது பிள்ளைகள் அல்ல. வாரிய மேஜையில் அந்த நடு நாற்காலியிலிருந்து ரோலண்ட் எழுந்து போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை. பனி உருகி மேட்டுச் சாலை முழுக்கச் சேறு. அறுநூற்றுப் பன்னிரண்டாவது வீடு ஆர்வில் டெஷ்ஷுடையது.

எண்பத்தோரு வயசு, தனிக்கட்டை. மாடுகளை விற்றுவிட்டு மேப்பிள் மரங்களை மட்டும் வைத்துக்கொண்டு பாகு காய்ச்சுகிறவர். ரோலண்டோடு முப்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர். கார்லீன் கையிலிருந்த பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'அந்தப் பக்கம்' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். இருந்தாலும் தட்டினாள். எந்த வீட்டையும் விடக்கூடாது என்பது அவள் வைராக்கியம்.

"பூட்ஸைக் கழட்டிட்டு வா பொண்ணே. சேறு உள்ள வந்தா நான்தான் துடைக்கணும்" என்றார் ஆர்வில்.

காபி ஊற்றினார். அவள் பேச ஆரம்பிக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓட்டு கேக்கத்தான வந்த? லேட்டு. போட்டாச்சு. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குத் தபால் ஓட்டுதான்."

"யாருக்குன்னு கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான உறையில போட்டு ஒட்டறது?" என்று சிரித்தார். "உறை மேல சாட்சிக் கையெழுத்து வாங்கறதுதான் ரோதனையா இருந்துச்சு. தனியா கிடக்கறவன், சீட்டாட ஆளுங்க வர்ற வரைக்கும் சாட்சிக்கு எங்க போவேன்? நல்ல வேளை, ரோலண்டே வந்தான். நீ உக்காந்திருக்கற நாற்காலிலதான் உக்காந்தான். பேனாவும் அவனே கொண்டு வந்தான்."

கார்லீனின் கோப்பை பாதி வழியில் நின்றது.

பிப்ரவரியில் நடந்தது ஞாபகம் வந்தது. கல்லூரியிலிருந்து வந்த மகள் தபால் ஓட்டு போட்டபோது, சாட்சியாகக் கையெழுத்துப் போட இவள் பேனாவைத் திறந்தாள். ஊர்த் தேர்தலை நடத்தும் டவுன் கிளார்க் டீனா கோவால் பாய்ந்து வந்து பேனாவைப் பிடுங்கினாள். "அய்யோ கார்லீன், நீ வேட்பாளர்! நீ சாட்சி போட்டா அந்த ஓட்டு செல்லாது!"

"ரோலண்டா போட்டார்?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எனக்கு மட்டுமா? இந்த மேட்டுச் சாலையில தபால் ஓட்டு வாங்கின கிழடு கட்டை எல்லாருக்கும். ரெண்டே நாள்ல இருபத்திரண்டு உறை. புருஷன் பொண்டாட்டி இருக்கற வீட்டுலகூட, 'இருக்கட்டும், வந்த கையோட நானே போட்டுடறேன்'னான். ஏன், அதுல ஏதாச்சும் தப்பா?"

ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்குள் கார்லீன் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டாள். போன தேர்தலில் ரோலண்ட் ஜெயித்தது பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில். மேட்டுச் சாலை அவருடைய கோட்டை. இருபத்திரண்டு ஓட்டு. எல்லா உறையும் கிளார்க் அறைப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது; செவ்வாய்க்கிழமைதான் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் போதும்.

"இல்ல ஆர்வில்" என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

இன்னொரு கோப்பை காபி குடித்தாள். கிளம்பும்போது ஆர்வில் ஒரு பாட்டில் பாகைக் கையில் திணித்தார். "கிளெனுக்குக் குடு. முதல் காய்ச்சல். அவனுக்கு இதுதான் பிடிக்கும்."

காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கார்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அடக்க முடியவில்லை அவளால்.

கிளென் கொட்டகையில் ஒரு முக்காலியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி எல்லாரும் சுத்தி நிக்கறப்போ நான் எழுந்திரிப்பேன். அந்த உறை ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாக்கச் சொல்வேன். இருபத்திரண்டு தடவை அவர் பேரை சத்தமா படிக்க வைப்பேன். அவர் கையெழுத்தாலேயே அவர் தோக்கணும். உன்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சார் இல்ல? அதே மாதிரி நிக்கட்டும்."

கிளென் உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

"ஆர்வில் ஓட்டும் போயிடுமா?"

"போகும். அதுக்கு நான் என்ன பண்ண?"

"சொல்லிட்டு வந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை நேர்ல போய் வேற ஓட்டு போட்டுக்குவார்."

"யாருக்கு? உங்க அண்ணனுக்கு! நான் போய் அவருக்கு ஓட்டு சேத்துக் குடுக்கணுமா?"

கிளென் தாடியைச் சொறிந்துகொண்டான். "ஒண்ணு இடிக்குது கார்லீன். ரோலண்ட் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு தடவை படிக்கறவன். நாலு தேர்தல் நின்னிருக்கான். அவனுக்கா இந்த விதி தெரியாது?"

"திமிர் ஏறிப்போச்சு. விதியெல்லாம் மத்தவங்களுக்குன்னு நினைப்பு."

"நீ ஜெயிக்கறதுக்காகப் பண்றியா, அவனை அடிக்கறதுக்காகப் பண்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"எனக்கு ஒண்ணு இல்ல" என்றான் கிளென். பாகு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எனக்காகன்னு மட்டும் சொல்லாத. நான் கேக்கல."

அது அவளைச் சுட்டது. இவனுக்காக ஊரெல்லாம் சேற்றில் நடந்தால், இவன் பாட்டிலைப் பார்க்கிறான்! கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் கார்ஸ்டனில் யார் வீட்டிலும் சாயங்காலம் அடுப்பு எரியாது. தேவாலய மண்டபத்தில் மீன் விருந்து. பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்த மீன், உருளைக்கிழங்கு, கோஸ் சாலட், கம்பு ரொட்டி. கட்சி, பகை, பங்காளிச் சண்டை எல்லாம் வாசலோடு சரி. நீள மேஜையில் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

அன்றைக்கு இருநூறு பேருக்குக் குறையாது. ரோலண்ட் மேஜை மேஜையாகப் போய்த் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆர்வில்லும் மேட்டுச் சாலைக்காரர்களும் ஜன்னலோரம் கூட்டமாக உட்கார்ந்து மீனை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டவுன் கிளார்க் டீனா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சாலட் பரிமாறினாள். கார்லீன் சுவரோரம் உட்கார்ந்து மீனை ரசித்து ரசித்துத் தின்றாள். சாப்பாடு இவ்வளவு ருசியாக இருந்து எத்தனை நாளாயிற்று!

ரோலண்ட் அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"மேட்டுச் சாலைப் பக்கம் போனியாமே. எப்படி இருந்துச்சு?"

"சேறுதான்" என்றாள். "நிறைய பேர் வழுக்கி விழுவாங்க போலிருக்கு."

"பாத்துப் போ" என்று புன்னகைத்துவிட்டு நகர்ந்தார். அந்தப் புன்னகையில் ஏதோ அதிகமாக இருந்தது. கார்லீன் அதைக் கவனித்தாள். மீன் ருசியில் விட்டுவிட்டாள்.

சமையலறைப் பக்கமிருந்து ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்தது. ஓரகத்தி இர்மா. ரோலண்டின் மனைவி. இரண்டு வருடமாக இவர்கள் நேரில் பேசியதில்லை. அறுபது வயசுக்காரி, மாவு அப்பிய கையோடு நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"உள்ள வா. ரெண்டு நிமிஷம்."

"எதுக்கு?"

"வான்னா வா!"

எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. இர்மா அவளைக் குளிர்பெட்டி ஓரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"மேட்டுச் சாலை உறைங்க பத்தி உனக்குத் தெரியுமில்ல?"

கார்லீன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "என்ன உறை?"

"நடிக்காத. அவர் மத்தியானம் போன்ல யார்கிட்டயோ பேசறதைக் கேட்டேன். நான் பக்கத்து ரூம்ல துணி தேச்சுட்டு இருந்தேன். 'அவ இன்னிக்கு மேட்டுச் சாலைக்குப் போயிருக்கா, கண்டுபிடிச்சிருப்பா. வாய் திறக்க மாட்டா. என் தம்பி பொண்டாட்டியை எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அடக்கி வச்சு, எல்லார் முன்னாடியும் அவளே எழுந்து அந்த ஓட்டையெல்லாம் தூக்கி எறியச் சொல்லுவா'ன்னு சொல்லிட்டு சிரிச்சார்."

"அவர் ஓட்டை நான் தூக்கி எறிஞ்சா அவருக்கு என்ன சிரிப்பு?"

"அவர் ஓட்டுன்னு யார் சொன்னது?"

எண்ணெயில் யாரோ அடுத்த ஈடு மீனைப் போட்டார்கள். இர்மா குரலைத் தாழ்த்தினாள்.

"செவ்வாய்க்கிழமை தோறும் நான் ஆர்வில் வீட்டுக்குச் சீட்டாடப் போவேன். மேட்டுச் சாலை மொத்தமும் வரும். போன மாசம் எல்லாரும் சொன்னாங்க, இந்தத் தடவை உனக்குத்தான்னு. கிளெனுக்கு நடந்தது அநியாயம்னு சொன்னாங்க. எனக்கு வாய் சும்மா இருக்கல. மறுநாள் காலையில அவர்கிட்ட சொன்னேன். பாத்துக்கங்க, உங்க ஆளுங்களே கை விடறாங்கன்னு குத்திக் காட்டத்தான் சொன்னேன். அன்னிக்கே பேனாவை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். நான் அவரைத் திருத்திட்டதா நினைச்சேன் கார்லீன். சமாதானம் பேசப் போறார்னு நினைச்சேன்."

கார்லீன் காலையில் போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டாள். இருபத்திரண்டு ஓட்டு. அவளுடைய ஓட்டு. காலையிலிருந்து அதைத்தான் பத்திரமாக மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தாள். செல்லாமல் போகட்டும் என்று கும்பிடாத குறையாக.

அதைவிட ஒன்று அதிகமாக உறைத்தது. இவள் வாய் திறக்கமாட்டாள் என்று அந்த மனிதர் பந்தயம் கட்டியிருந்தார். அவர் நினைத்தது அச்சுப் பிசகாமல் நடந்திருந்தது.

"எனக்கு எதுக்கு இதைச் சொல்றீங்க?" என்றாள். "அவர் உங்க புருஷன்."

இர்மா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"இந்தத் தடவை நானும் தபால் ஓட்டுதான். வீட்டு மேஜையில வச்சுப் போட்டேன். யாருக்குன்னு அவர் கேக்கவே இல்ல. கேக்காமலே உறையை இழுத்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 'ஒட்டிடு இர்மா'ன்னார். நானும் நாக்கால தடவி ஒட்டினேன்."

கார்லீன் அவளையே பார்த்தாள்.

"கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம்" என்றாள் இர்மா. "என்னோடது இருபத்து மூணாவது உறை."

இரண்டு பெண்களும் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார்கள். இருவர் மனசிலும் அந்தச் சட்டியில் விழுந்தவர் ஒருவரேதான். அதைத் தேவாலய மண்டபத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

கார்லீன் சமையலறையிலிருந்து நேராக மண்டபத்தின் நடுவுக்கு நடந்தாள். லாட்டரிக் குலுக்கலுக்காக வைத்திருந்த மைக்கை எடுத்தாள்.

"டீனா! உன்கிட்ட ஒரு கேள்வி. வேட்பாளர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா, அந்தத் தபால் ஓட்டு செல்லுமா?"

டீனா கரண்டியோடு நிமிர்ந்தாள். "செல்லாது. ஏன்?"

"மேட்டுச் சாலையில இருபத்திரண்டு பேருக்கு ரோலண்ட் சாட்சி போட்டிருக்கார். அவங்க என்ன பண்ணணும்?"

முள்கரண்டிச் சத்தம் மொத்தமாக நின்றது.

"அய்யோ" என்றாள் டீனா. "செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள அவங்கவங்க நேர்ல வந்துட்டா, அந்த உறையைத் தள்ளி வச்சுட்டுப் புதுசா போட்டுக்கலாம். ஆனா ஒவ்வொருத்தரும் அவங்களே வரணும்."

இருநூறு தலையும் ரோலண்ட் பக்கம் திரும்பியது. கார்லீன் இந்த நொடிக்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தாள். அவர் முகம் வெளுக்கும் என்று பார்த்தாள்.

வெளுக்கவில்லை. ரோலண்ட் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"என் தப்புதான். வயசானவங்களுக்கு உதவி பண்ணலாம்னு போனேன், விதியை யோசிக்கல. மன்னிச்சுக்குங்க" என்றார். குரல் தேனாக வந்தது. "சொன்னதுக்கு நன்றி கார்லீன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உனக்கு இது எப்போ தெரிஞ்சுது?"

ஜன்னலோரம் ஆர்வில் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"ஆமா பொண்ணே" என்றார். "காலையில என் வீட்டுல ரெண்டு காபி குடிச்சியே. தப்பான்னு நான் கேட்டேன். சரியாத்தான் இருக்குன்ன. அப்பவே உனக்குத் தெரியுமா?"

இப்பத்தான் தெரிந்தது என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் இப்போது அவள் வெளியே வந்த கதவு சமையலறைக் கதவு. அதன் நிலையைப் பிடித்துக்கொண்டு இர்மா நின்றுகொண்டிருந்தாள். 'இப்பத்தான்' என்றால் சொன்னது யார் என்று அந்த மண்டபத்தில் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ரோலண்டின் கண் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

அது மட்டும் இல்லை. ஆர்வில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"தெரியும் ஆர்வில்" என்றாள். "நீங்க ரோலண்டுக்குப் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

ஆர்வில் எழுந்தார். முட்டி அவரை உடனே எழவிடவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் கை நீட்டினார். ஆர்வில் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உனக்குத்தான் போட்டேன். உன் புருஷனுக்காகப் போட்டேன்" என்றார். "செவ்வாய்க்கிழமை போய் மறுபடி போடறேன். யாருக்குன்னு இந்த நிமிஷம் எனக்கே தெரியல."

அவர் பின்னாலேயே மேட்டுச் சாலைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து கோட்டை எடுத்தார்கள். யாரும் கார்லீனைப் பார்க்கவில்லை. ரோலண்ட் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மீனைத் தொடர்ந்தார்.

அப்போது இர்மா ஏப்ரனைக் கழற்றி மேஜை மேல் போட்டாள்.

"ஆர்வில், நில்லுங்க. நானும் வரேன். இந்தக் கையெழுத்து எதுக்காகப் போடப்பட்டுச்சுன்னு போற வழியில உங்க எல்லாருக்கும் சொல்றேன்."

"இர்மா, உக்காரு" என்றார் ரோலண்ட், மீனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

வாசல் கதவு திறந்த குளிர் கழுத்தில் பட்ட பிறகுதான் நிமிர்ந்தார். இர்மா கோட்டுகூடப் போடாமல் ஆர்வில்லின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். ரோலண்டின் முகம் வெளுத்தது.